ஆசிரியர் ஊக்கமும் 1862-ஆம் ஆண்டின் திருத்த விதிகளும்

பள்ளித் தலைவர்தம் இன்சொல் ஒன்றே ஆசிரியர்தம் ஊக்கத்தை நிலைபெறச் செய்யுமோ என ஆராய்வார்க்கு இங்கிலாந்தின் தொடக்கக்கல்வி வரலாறு தக்க சான்றாகும். 1846-இல் கே-ஷட்டில்வொர்த் வகுத்த திட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசே வழங்கிற்று; ஓய்வூதிய நம்பிக்கையும் தந்தது. 1862-இல் இராபர்ட் லோ கொணர்ந்த திருத்த விதிகள் இவ்விரண்டையும் போக்கின. மானியம் பள்ளி நிர்வாகிகள் கைக்குச் சென்றது. ஆறு வயது கடந்த மாணவனது வருகைக்கு 4 ஷில்லிங். படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறின் மேலும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும்.

நிர்வாகிகள் பலர் இம்மானியத்தின் ஒரு பங்கையே ஊதியமாக்கினர். பிள்ளை காய்ச்சலுற்றுத் தேர்வுக்கு வாராதொழியின் ஆசிரியர் வருவாயும் குன்றியது! தலைமையாசிரியரின் பரிவு இங்கு என் செய்யும்? அவரும் அத்தேர்வுக்கு அஞ்சியவரே. பின்தங்கிய பிள்ளைகள் இதனால் கவனம் பெற்றனர் என்பாரும் உளர். அதனை யாம் முற்றும் மறுக்கிலேம். ஆயினும், கல்வி ஆய்வாளராகப் பள்ளிதோறும் சென்ற மேத்யு ஆர்னால்டு, கற்பித்தலில் உயிர்ப்புக் குன்றியதைத் தம் அறிக்கைகளில் வருந்திச் சுட்டியமையே எமக்கு வலிய சான்றாகப் படுகிறது.

தலைவரிடம் பெறாத ஊக்கத்தை ஆசிரியர் தம்முள் தேடினர். 1870-இல் தோன்றிய தொடக்கப்பள்ளி ஆசிரியர் தேசியச் சங்கம் இம்முறையை இடையறாது எதிர்த்தது. 1890 முதல் படிப்படியாகத் தளர்ந்த அம்முறை அந்நூற்றாண்டு முடியுமுன் அற்றொழிந்தது.