ஒரு டிஷ், பல டியூனர்: மேலநீலிதநல்லூர்த் தட்டட்டியிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மேலநீலிதநல்லூரில் ஏதாவதொரு தட்டட்டியில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தால், அக்கம்பக்கத்து டிஷ்கள் எல்லாம் அக்னி மூலைப் பக்கமாகவே அண்ணாந்திருக்கும். பெரும்பாலானவற்றிலிருந்து ஒரே ஒரு கறுப்பு ஒயர் சுவரோடு இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே போகும். வீட்டில் ஒரு டி.வி. இருந்த காலத்துக்கு அது போதும். மகன் கல்யாணமாகி மாடியில் குடியேறினாலோ, ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டியை வாங்கினாலோதான் சிக்கல் தொடங்குகிறது. இருக்கிற ஒயரையே இரண்டாகப் பிரித்துவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். கேபிள் டி.வி.யில் அப்படித்தானே செய்தோம்? டிஷ்ஷில் ஏன் முடியவில்லை, முடியவேண்டுமானால் என்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டியூனர் என்பது பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் உறுப்பு. செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டர் பல சேனல்களைச் சேர்த்தே சுமந்துவருகிறது. ஆகவே ஒரே டிரான்ஸ்பாண்டரில் உள்ள இரண்டு சேனலுக்கு ஒரு டியூனரே போதும். வேறு வேறு டிரான்ஸ்பாண்டர் என்றால் இரண்டு டியூனர் வேண்டும்.

2. டிஷ் பார்க்கும் திசை

ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இதில்தான் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வருகிறது. நம் ஊரிலிருந்து கணக்கிட்டால் அது வடக்கிலிருந்து வலமாக 119 பாகை திசையில், தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் தெரியும். 83 பாகையில் உள்ள ஜிசாட்-24 இன்னும் மேலே, 77 பாகைக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய உச்சிதான். டெல்லி டிஷ்ஷைவிட நம் டிஷ் மிக அதிகமாக மல்லாந்து கிடப்பதற்கு நிலநடுக்கோட்டுக்கு நாம் அருகில் இருப்பதே காரணம்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்று பாகை அளவுதான். அதன் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பார்வை ஒரு பாகை விலகிவிடும். காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே ஆடிக்காற்று நட்டு தளர்ந்த டிஷ்ஷை இந்த ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் போதும், எத்தனை டியூனர் மாட்டியிருந்தாலும் அத்தனையும் சேர்ந்து நலியும்.

3. ஒயரில் மேலே போகும் கட்டளை

இந்த ஆய்வின் மையம் இதுதான். ஒயரில் படம் கீழே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஒயரில் பெட்டியிலிருந்து கட்டளை மேலே போகிறது என்பதைப் பலர் அறியார்.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை வாங்குகிறது. அவை செங்குத்து, கிடை என்ற இரண்டு தளங்களில் வருகின்றன. அகலத்தைக் கூட்டினால் ஒரு தளத்துக்கு 2050 மெகாஹெர்ட்ஸ், இரண்டுக்கும் சேர்த்து 4100. வழக்கமான முறையில் ஒயரில் இறக்கக்கூடியதோ 950 முதல் 2150 வரை, அதாவது 1200 மெகாஹெர்ட்ஸ்தான். 4100-ஐ 1200-க்குள் ஒரே நேரத்தில் அடைக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு தளத்தையும் கீழ்ப்பட்டை, மேல்பட்டை என இரண்டாகப் பகுத்து, நான்கு கூறுகளில் ஒன்றை மட்டும் எல்.என்.பி. இறக்குகிறது.

எதை இறக்குவது என்பதைப் பெட்டி சொல்கிறது. 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடை. அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைச் சேர்த்து அனுப்பினால் மேல்பட்டை, அனுப்பாவிட்டால் கீழ்ப்பட்டை. குளத்தில் நான்கு மடை இருந்தும் வாய்க்கால் ஒன்றே என்றால், நீர்பாய்ச்சி ஒரு நேரத்தில் ஒரு மடையைத்தானே திறப்பார்? கூடவே, எல்.என்.பி. அலைவரிசையைத் தாழ்த்தியும் அனுப்புகிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸிலிருந்து 9750-ஐக் கழித்து 1340 ஆக ஒயரில் விடுகிறது. மேல்பட்டைக்குக் கழிக்கப்படுவது 10600.

4. ஸ்ப்ளிட்டர் போட்டால்

கடையில் வாங்கிய ஸ்ப்ளிட்டரில் இரண்டு பெட்டியை மாட்டுகிறோம் என்று கொள்வோம். கீழ்வீட்டில் செங்குத்துத் தளத்துச் சேனல் ஓடுகிறது, 13 வோல்ட். மாடியில் ஒருவர் ரிமோட்டை அழுத்திக் கிடைத் தளத்துச் சேனலுக்குப் போகிறார், 18 வோல்ட். இரண்டு முனையிலும் மின்சாரம் கடத்தும் ஸ்ப்ளிட்டரில் அதிக வோல்ட்டே வெல்லும். எல்.என்.பி. கிடைக்கு மாறிவிடும்; கீழ்வீட்டுத் திரை கட்டம் கட்டமாக உடைந்து, "சிக்னல் இல்லை" என்று நின்றுவிடும். மாடியில் சேனலை மாற்றியதும் கீழே திரும்ப வரும். பேய் பிடித்ததுபோல் தோன்றும் இந்தக் கோளாறை எங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது பார்க்க வந்தவர் இரண்டு முறை பெட்டியை மாற்றினார். பெட்டியிலோ குற்றமே இல்லை. ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கடத்தும் ஸ்ப்ளிட்டரில் வேறு தொல்லை: அந்த முனையின் பெட்டியைச் சுவிட்சில் அணைத்தால் மற்றதும் இருண்டுவிடும்.

விலக்கு ஒன்று உண்டு, நம் ஊருக்கு அது முக்கியம். ஃப்ரீ டிஷ் சேனல்கள் அனைத்தும் செங்குத்துத் தளத்தில், கீழ்ப்பட்டையில் வருகின்றன. எல்லாப் பெட்டியும் ஒரே 13 வோல்ட்டைத்தான் கேட்கும் என்பதால் அங்கே ஸ்ப்ளிட்டர் தாராளமாக வேலை செய்யும். பக்கத்து வீட்டில் வேலை செய்தது நம் வீட்டில் செய்யவில்லையே என்ற குழப்பம் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கிறது.

5. டியூனருக்கொரு ஒயர்

நேர்வழி இது. இரட்டை எல்.என்.பி.யில் இரண்டு வாய், குவாடில் நான்கு, ஆக்டோவில் எட்டு. ஒவ்வொரு வாயும் தனித்தனி எல்.என்.பி. போல நடந்துகொள்ளும், ஒருவர் கேட்பது மற்றவரைத் தொடாது. 2008-இல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது டிஷ்ஷிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தது இதற்காகவே. பெட்டி ஒன்றுதான், உள்ளே டியூனர் இரண்டு.

குவாட், குவாட்ரோ என்ற இரண்டு பெயர்களை ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. குவாட்ரோவின் நான்கு வாயில் நான்கு கூறுகளும் நிலையாக வந்துகொண்டிருக்கும். கட்டளைக்கு அது கட்டுப்படாது. அதை மல்டிசுவிட்சில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து எட்டோ பதினாறோ ஒயர் பிரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டிய கூறை மல்டிசுவிட்சே எடுத்துக் கொடுக்கும். விடுதி, மருத்துவமனை, அடுக்குமாடி போன்ற இடங்களுக்கு இதுவே பொருத்தம்.

6. ஒரே ஒயரில் பலர்

சுவரை உடைக்க முடியாத வீடுகளுக்கு ஐரோப்பாவில் 2007-இல் ஈ.என். 50494 என்ற தரம் வகுக்கப்பட்டது. யூனிகேபிள் என்று சொல்வார்கள். ஒவ்வொரு டியூனருக்கும் ஒயருக்குள் ஒரு நிலையான அலைவரிசை ஒதுக்கப்படுகிறது. நான்கு டியூனர் என்றால் 1210, 1420, 1680, 2040 என்பது பரவலான பங்கீடு. டியூனர் தன் எண்ணோடு வேண்டிய டிரான்ஸ்பாண்டரைச் சொல்லும், எல்.என்.பி. அதை எடுத்து அவரவர் இடத்தில் வைக்கும். ஒயர் 13 வோல்ட்டில் அமைதியாக இருக்கும். பேச விரும்பும் பெட்டி 18-க்கு உயர்த்தி, கட்டளையைச் சொல்லிவிட்டு மறுபடி இறக்கிவிடும். இரண்டு பெட்டி ஒரே கணத்தில் பேசினால் கட்டளை மோதும். கேட்டது வராவிட்டால் பெட்டி சற்று பொறுத்து மீண்டும் சொல்ல வேண்டும். இந்தத் தரத்தில் எட்டு டியூனர் வரை; பின்னர் வந்த ஈ.என். 50607-இல் முப்பத்திரண்டு வரை. எல்.என்.பி., பெட்டி இரண்டுமே இந்த மொழியை அறிந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

பிரிட்டனில் 2016-இல் வந்த ஸ்கை கியூ வேறொரு துணிச்சலான வழியை எடுத்தது. பட்டைகளாகப் பகுப்பதையே விட்டுவிட்டு 10.41 கிகாஹெர்ட்ஸைக் கழித்தார்கள். ஒரு தளம் முழுவதும் 290 முதல் 2340 மெகாஹெர்ட்ஸ் வரை ஓர் ஒயரில் இறங்குகிறது. மற்றத் தளம் இன்னொன்றில். இரண்டு ஒயரில் வானம் முழுதும் வந்துவிட்ட பிறகு எத்தனை டியூனர் என்பது பெட்டியின் பாடு.

7. ஒயரும் அதன் முனையும்

பெட்டியின் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் உள்ளன. நீள ஒயரும் ஸ்ப்ளிட்டரும் ஸ்ட்ரெங்த்தைக் குறைக்கும். மழையும் விலகிய டிஷ்ஷும் குவாலிட்டியைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் போனதற்கு ஸ்ப்ளிட்டரைக் கழற்றி எறிபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். அந்த இழப்பு எல்.என்.பி.க்கு முன்னால், வானத்திலேயே நிகழ்ந்துவிட்டது.

ஆர்.ஜி.-6 ஒயர் 2150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 30 டெசிபெல் தின்னும். கிராமத்து வீட்டின் இருபது மீட்டருக்கு அது பொருட்டில்லை. பொருட்டாவது முனை. எங்கள் வீட்டு இரண்டாவது ஒயர் இழுத்த அன்றும் படம் வரவில்லை. எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது, வெளிப்பின்னலிலிருந்து தலைமயிரளவு கம்பியிழை ஒன்று வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே போக வேண்டிய 13 வோல்ட் அங்கேயே ஷார்ட் ஆகிவிட்டது. இழையை நறுக்கி, பின்னலை முழுதும் பின்னுக்கு மடித்து, நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைவிட இரண்டு மில்லிமீட்டர் நீட்டியிருக்குமாறு மாட்டியதும் இரண்டு கோடுகளும் ஏறின.