திப்புவின் புலியும் பழைய குரலும்

பழைய பொம்மை ரோபோவில் பல்சக்கரம் தேய்ந்தால் புதுசு மாட்டுகிறோம். அப்புறமும் அது அதே பொம்மைதானா? இதற்கு நம் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது நண்பர்களே!

திப்பு சுல்தானின் மரப்புலி. எங்கள் சிலமலையிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில், திண்டுக்கல்லில் 1755-ல் பௌஜ்தாராக இருந்த ஹைதர் அலியின் மகன்தான் திப்பு. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும். அதன் வாயில் சிக்கிய வெள்ளைக்காரன் கையைத் தூக்கி அலறுவான்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கும்பினியார் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1808 முதல் காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் சுற்றினார்கள். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் புலம்பினார்கள். கடைசியில் கைப்பிடியே காணாமல் போனது! இரண்டாம் உலகப் போரில் கூரை விழுந்து, புலி நூற்றுக்கணக்கான துண்டுகளானது. பொறுமையாக ஒட்டி, 1947-க்குள் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்.

உருவம் பிழைத்தது. ஆனால் பழுதுபார்த்தவர்கள் உள்ளிருந்த இசைக்கருவியை முன்பே நிறைய மாற்றிவிட்டார்கள். திப்பு கேட்ட அதே உறுமல் இனி கேட்குமா என்பது சந்தேகம்தான்.

அதனால் தேய்ந்த பல்சக்கரத்தைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள். எத்தனை பல், எதை மாற்றினோம் என்று எழதிவைத்து, கூடவே பத்திரப்படுத்துங்கள். பின்னால் வருபவருக்கு அதுதான் சரித்திரம்.