அரிசிப் பங்கீட்டிலிருந்து அஸ்வெசும வரை

நெருக்கடிக் காலங்களில் அரசாங்கம் குடும்பங்களுக்கு வழங்கும் நிவாரணம் பற்றிப் பேசும்போது, கொடுக்கப்படும் தொகை எவ்வளவு என்பதே முதலில் கேட்கப்படுகின்றது. அத்தொகை எவ்வளவு காலத்துக்கு அதே பெறுமதியுடன் இருக்கும் என்பதும், அதனைப் பெறுவோர் யார் என்பதைத் தீர்மானிப்பவர் எவர் என்பதும் அரிதாகவே கேட்கப்படுகின்றன. இலங்கையின் எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நிவாரண வரலாற்றை நோக்கினால், ஏழைக் குடும்பங்களின் தலைவிதியைப் பெரிதும் நிர்ணயித்தவை பின்னைய இரு கேள்விகளுமே என்பது தெளிவாகும்.

இவ்வரலாறு 1942 இல் ஆரம்பிக்கின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பர்மா ஜப்பானியப் படைகளின் வசமானதும் இலங்கைக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. நாட்டின் அரிசித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதியே நிறைவேற்றிவந்த காலம் அது. குடியேற்ற அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. நமது முதியோர் இன்றும் 'கூப்பன்' என்று குறிப்பிடும் அந்தப் பங்கீட்டுப் புத்தகமும், கிராமந்தோறும் தோன்றிய கூட்டுறவுக் கடைகளும் இதன் விளைவுகளே. வறியவர், செல்வந்தர் என்ற பேதமின்றி அனைவருக்கும் அது வழங்கப்பட்டது. யுத்தம் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. சுதந்திர இலங்கையின் ஆட்சியாளர்கள் அதனைத் தொட அஞ்சினர்.

தொட்டபோது நிகழ்ந்ததை 1953 காட்டிற்று. கொரிய யுத்தகால ஏற்றுமதி வருமானம் வீழ்ச்சியடைந்த நிலையில், நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நடைபெற்ற ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. உயிர்கள் பலியாகின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விடயத்தில் கைவைத்த அரசாங்கம் நிலைக்காது என்ற பாடத்தை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இலங்கை அரசியல் மறக்கவில்லை. அதே டட்லியின் பிந்திய அரசாங்கம் 1966 இல் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து அந்த ஒன்றை இலவசமாக்கியது. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவதாக வாக்குறுதியளித்து வெற்றியீட்டினார். இரண்டாவது கொத்து வந்தது. ஆனால் விலைக்கு வந்தது.

பங்கீட்டு முறையில் குறைகள் பலவுண்டு. தேவையற்றோருக்கும் அது கிடைத்தது. திறைசேரியின் வருமானத்தில் பெரும் பங்கை அது விழுங்கியது. எனினும் அதில் ஒரு சிறப்பு இருந்தது. குடும்பத்துக்குக் கிடைத்தது பணமன்று, பொருள். உலகச் சந்தையில் அரிசி விலை இரட்டித்தாலும் புத்தகத்திலிருந்த கொத்து கொத்தாகவே இருந்தது. விலையேற்றத்தின் சுமையை ஏற்றது திறைசேரியே. வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயல் வேலைக்கு நெல்லாகக் கூலி பெற்ற தொழிலாளிக்கு இதன் பொருள் விளங்கும். ஸகாத் கடமையாவதற்கான எல்லையான நிஸாபும் நாணயத் தொகையாகவன்றித் தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நிறையாலேயே வகுக்கப்பட்டுள்ளது. நாணயம் தேய்ந்தாலும் அந்த அளவு தேய்வதில்லை.

இந்தப் பாதுகாப்புக்கும் எல்லையுண்டு என்பதை 1973, 1974 ஆம் ஆண்டுகள் உணர்த்தின. உலக உணவு விலையேற்றத்தோடு எண்ணெய் விலையேற்றமும் சேர்ந்தபோது, பங்கீடே வெட்டப்பட்டது. பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற நினைவு நாடெங்கும் உண்டு. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர் என்பதும் உண்மையே. ஆனால் அதே காலத்தில் மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. சொந்த நிலமோ, ஊரில் வயலோ, கைமாற்றாக நெல் தரும் உறவினரோ இல்லாத மக்களைப் பட்டினி முதலில் தேடிச் சென்றது. நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவர்கள் அவர்களே என்பதை இங்கு நினைவூட்டாமல் இருக்க முடியாது.

1977 இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 ஜனவரியில் பங்கீடு மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமென வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் பங்கீடு முற்றாக நீக்கப்பட்டு உணவு முத்திரைகளும் மண்ணெண்ணெய் முத்திரைகளும் வழங்கப்பட்டன. வெளிப்பார்வைக்கு இது பெறுவோர் தொகையைப் பாதியாகக் குறைத்த சீர்திருத்தம் மட்டுமே. உண்மையான மாற்றம் வேறிடத்தில் இருந்தது. கொத்து என்ற அளவு ரூபா என்ற அளவாக மாறியது. முத்திரையில் அச்சிடப்பட்ட தொகை அப்படியே இருக்க, விலைகள் ஓடின. மூன்றாண்டுகளுக்குள் அதன் கொள்வனவுச் சக்தி ஏறத்தாழ அரைவாசியாகிவிட்டது. 1953 இல் ஒரே நாளில் செய்ய முயன்று அரசாங்கத்தின் தலைமையே மாறக் காரணமான வெட்டை, பணவீக்கம் ஓசையின்றிச் செய்து முடித்தது. எவரும் ஹர்த்தால் செய்யவில்லை, பதவி விலகவுமில்லை.

இதற்குப் பின்னர் வந்த ஒவ்வொரு திட்டமும் இதே நோயுடனேயே பிறந்தது. 1989 இல் ஜனாதிபதி பிரேமதாச ஆரம்பித்த ஜனசவிய திட்டம் தொகையளவில் பெரியது. குடும்பமொன்றுக்கு மாதம் 2,500 ரூபா வீதம் 24 மாதங்கள். அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, எஞ்சிய 1,042 ரூபா முதலீட்டுக்கான சேமிப்பு. அத்தகைய பெருந்தொகையை நாடு முழுவதற்கும் ஒரே வேளையில் கொடுக்க இயலாமையால், கட்டங்கட்டமாகவே அது நடைமுறைக்கு வந்தது. 1995 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சந்திரிகா குமாரதுங்க அரசாங்கம் சமுர்த்தியை நிறுவியது. சிறிய தொகை, பரந்த பட்டியல், கிராமந்தோறும் உத்தியோகத்தர், வங்கி வலையமைப்பு என்பன அதன் இயல்புகள். கட்சிக்காரரின் சிபாரிசு இன்றிப் பட்டியலில் ஏற முடியாது என்ற முறைப்பாடு அதன் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஆட்சி மாறும்போது பட்டியலும் மாறிற்று என்று கிராமத்தவர் கூறுவதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழ், முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை இன்னுமொரு குறை இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வடக்கு கிழக்கின் பெரும் பகுதிக்குச் சமுர்த்தி ஆரம்பத்தில் எட்டவேயில்லை. தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளப் பதிவு இருக்கின்றது என்ற காரணத்தால் மலையகத்தில் அதன் பரம்பல் மிகக் குறைவாக இருந்தது. பதிவேட்டில் தெரியும் வருமானம் இருந்தமையால் அவர்கள் ஏழைகள் அல்லராயினர். பதிவேட்டில் தெரியாத வருமானமுள்ள வேறு பலர் ஏழைகளாயினர். இடம்பெயர்ந்தோருக்கு உலர் உணவு நிவாரணமே கிடைத்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்கள் நீண்ட காலம் இதிலேயே தங்கியிருந்தன. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா என்ற அதன் பெறுமதி, விலைவாசி பன்மடங்கு ஏறியபோதும் ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்தது.

நிவாரணத்தை யார் நிர்வகிப்பது என்ற கேள்வி அரசியலமைப்பு நெருக்கடியாகவே மாறியதும் இந்நாட்டில்தான். 2012 இல் சமுர்த்தி உள்ளிட்ட நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்தில் கைவைத்தமையால், அச்சபைகளின் கருத்தைப் பெறவேண்டுமென உயர் நீதிமன்றம் கூறியது. வடக்கில் அப்போது மாகாண சபை இருக்கவில்லை. ஆளுநரின் சம்மதம் போதுமென அரசாங்கம் வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. தொடர்ந்து பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டு 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். ஏழைக்குக் கொடுக்கும் பணம் எத்தகைய அதிகாரக் கருவி என்பதற்கு இதனிலும் மேலான சான்று தேவையில்லை.

2020 இல் கொரோனா முடக்கம் வந்தபோது ஏப்ரல், மே மாதங்களில் குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. அது ஒரு முன்னோட்டமே. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. எரிபொருள் வரிசைகளும் எரிவாயு வரிசைகளும் பற்றி விபரிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகவும் உணவுப் பணவீக்கம் 94.9 ஆகவும் இருந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021 இல் நூற்றுக்கு 13 ஆக இருந்த வறுமை 2022 இல் 25 ஆயிற்று.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2022 ஜனவரியில் சமுர்த்தியின் உச்சக் கொடுப்பனவு 3,500 ரூபாவிலிருந்து 4,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பத்திரிகைகள் அதனைச் சலுகை என்றே எழுதின. செப்டெம்பரில் அந்த 4,500 ரூபா வாங்கித் தந்த உணவு, ஓராண்டுக்கு முன்னர் ஏறத்தாழ 2,300 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாக இருந்த உணவே. அதாவது, 1,000 ரூபா உயர்வு பெற்ற குடும்பத்தின் நிவாரணம் உண்மையில் மூன்றிலொரு பங்கால் குறைந்துவிட்டது. இடைநடுவே உலக வங்கி நிதியிலிருந்து சில மாதங்களுக்கு மேலதிகத் தொகை வழங்கப்பட்டது. தமிழக அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முன்வந்து, முதற்கப்பல் அவ்வாண்டு மே மாதம் கொழும்பை அடைந்தது. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் புலம்பெயர்ந்த உறவினரும் செய்த உதவி எக்கணக்கிலும் இல்லை. 2022 ஓகஸ்ட் முதல் மின்கட்டணம் மாத்திரம் தன் பங்குக்கு ஏழைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது: ஓகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75, 2023 பெப்ரவரியில் மீண்டும் 66. குறைந்த அலகுகளைப் பாவிக்கும் வீடுகளுக்கு முதலாவது உயர்வின் வீதம் இதனினும் பன்மடங்கு அதிகம்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி அனுமதிக்கப்பட்டபோது, சமூகப் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.6 இலிருந்து கீழிறங்கக்கூடாது என்ற எல்லையும் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. அதன் சட்ட அடிப்படை புதியதன்று. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமே. அரசியல்வாதியின் கையிலிருந்து பட்டியலை எடுத்துக் குறிகாட்டிகளின் கையில் கொடுப்பது அதன் நோக்கம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. மிக வறிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு 15,000 ரூபா, வறிய 8 இலட்சத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய 4 இலட்சத்துக்கு 5,000, நிலைமாறும் 4 இலட்சத்துக்கு 2,500 என மாதக் கொடுப்பனவுகள் தீர்மானிக்கப்பட்டன. பணம் வங்கிக் கணக்குக்கே செல்லும்.

நோக்கம் வரவேற்கத்தக்கது. சமுர்த்தியின் உச்சத் தொகையோடு ஒப்பிட்டால் மிக வறியோருக்கான தொகையும் பெரிது. ஆயினும் முதற்பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. கிராம உத்தியோகத்தர் சங்கங்கள் இப்பணியிலிருந்து விலகி நின்றமையும் தகவற்சேகரிப்பைப் பாதித்தது. குறிகாட்டி கட்சி பார்க்காது என்பது உண்மை. ஆனால் அது வாழ்க்கையையும் முழுமையாகப் பார்க்காது. யுத்தத்துக்குப் பின்னர் வீடமைப்புத் திட்டத்தில் கல்வீடு பெற்ற முல்லைத்தீவு விதவையின் சுவர் உறுதியானது. அவளுடைய அடுப்பு எரிகின்றதா என்பதைச் சுவர் சொல்லாது. லயன் அறையொன்றில் மூன்று தலைமுறைகள் வாழும்போது எது ஒரு குடும்பம் என்பதே சிக்கலாகிவிடுகின்றது. பழுதடைந்து முற்றத்தில் நிற்கும் உழவியந்திரமும் சொத்தே. அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாதவர் வங்கிக் கணக்கைத் திறக்க இயலாது. அத்தகையோர் யுத்தம் நடந்த மாவட்டங்களிலும் தோட்டங்களிலுமே அதிகம்.

2025 ஜனவரி முதல் மிக வறியோருக்கான தொகை 17,500 ரூபாவாகவும் வறியோருக்கான தொகை 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அக்காலத்தில் விலைச் சுட்டெண் இறங்குமுகமாக இருந்தமையால் இது மெய்யான உயர்வே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது வர்த்தமானி அறிவித்தலால் வந்தது, விதியொன்றினால் வரவில்லை. விலை ஏறினால் கொடுப்பனவும் தானாக ஏறவேண்டுமென எச்சட்டமும் கூறவில்லை. ஆண்டுக்கொரு முறை உணவு விலைச் சுட்டெண்ணுடன் தொகையைப் பொருத்துவது பெரும் செலவன்று. 1979 இல் மக்களின் தோளுக்கு மாற்றப்பட்ட சுமையில் ஒரு பகுதியைத் திறைசேரி திரும்ப ஏற்பதே அது. அதற்கு மறுப்பாக நிதி நெருக்கடி சுட்டிக்காட்டப்படலாம். 0.6 என்ற எல்லை கீழெல்லையே; மேலெல்லை அன்று.

மிக வறியோர், வறியோர் ஆகிய இரு பிரிவினருக்கும் 2023 ஜூலை 1 முதல் மூன்றாண்டுகள் என்றே முதலில் காலம் குறிக்கப்பட்டது. நிலைமாறுவோருக்கு அவ்வாண்டு டிசெம்பர் வரை, பாதிக்கப்படக்கூடியோருக்கு 2024 ஜூலை வரை எனக் குறிக்கப்பட்ட தவணைகள் பின்னர் நீடிக்கப்பட்டன. தவணை முடிவில் ஒரு குடும்பம் வறுமையிலிருந்து மீண்டுவிட்டதா என்பதைக் கண்டறியும் மறுமதிப்பீடு முந்திய தகவற்சேகரிப்பையே நம்புமாயின், 2022 இல் விடுபட்டவர்கள் மீண்டும் விடுபடுவர். தகவற்சேகரிப்பாளர் வீட்டுக்கு வரும்போது தமிழ்மொழிப் படிவம் அவர் கையில் இருக்க வேண்டும். பதிந்த விபரங்களின் பிரதியொன்று அக்குடும்பத்திடம் விடப்பட வேண்டும். மறுக்கப்பட்டவருக்கு எந்தக் குறிகாட்டியால் மறுக்கப்பட்டது என்பது எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். காரணம் தெரியாத மறுப்புக்கு எதிராகப் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு எழுதுபவர் எதனை எழுதுவார்?