ஃபாலிங்வாட்டர்

ஃபாலிங்வாட்டர் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பேர் ரன் என்னும் ஓடையின் அருவிக்கு மேல் கட்டப்பட்டுள்ள ஒரு வீடு ஆகும். இப்பெயர் "விழும் நீர்" எனப் பொருள்படும். பிட்சுபர்க் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 70 கிமீ தொலைவில் உள்ள இவ்வீட்டை, 1935 ஆம் ஆண்டில் கட்டிடக்கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்தார். சரிவான நிலத்துடன் இயைந்த நவீன குடும்ப வீட்டுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

வரலாறு

பிட்சுபர்க்கில் பல்பொருள் அங்காடி நடத்திவந்த எட்கார் காஃப்மன் குடும்பத்தினர், தமது வார இறுதி இல்லமாக இதனைக் கட்டுவித்தனர். அருவியைப் பார்த்தபடி வீடு அமையும் என அவர்கள் எதிர்பார்த்தனர். ரைட்டோ வீட்டை அருவியின் மேலேயே அமைத்தார். முதன்மை வீடு 1937 இலும், மேட்டில் உள்ள விருந்தினர் இல்லம் 1939 இலும் நிறைவுற்றன.

வடிவமைப்பு

நிலத்தைச் சமப்படுத்துவதற்குப் பதிலாக, சரிவுக்கு ஏற்பத் தளங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு, மறுமுனை அந்தரத்தில் நீளும் கான்டிலீவர் முறையில், வலுவூட்டிய காங்கிரீட் தளங்கள் ஓடைக்கு மேல் நீண்டுள்ளன. சுவர்களுக்கான மணற்கல் அந்நிலத்திலேயே வெட்டி எடுக்கப்பட்டது. அங்கிருந்த பாறை ஒன்று அகற்றப்படாமல், வசிப்பறைக் கணப்படுப்பின் அடித்தளமாகத் தரைக்கு மேல் தெரியுமாறு விடப்பட்டுள்ளது. அவ்வறையிலிருந்து படிக்கட்டு ஒன்று நேராக ஓடைக்கு இறங்குகிறது. சில இடங்களில் கண்ணாடி, சட்டம் இன்றிக் கற்சுவரிலேயே பதிக்கப்பட்டுள்ளது.

கட்டமைப்புச் சிக்கல்

கான்டிலீவர் தளத்தில் சுமை கீழ்நோக்கி அழுத்தும்போது, தாங்கும் இடத்துக்கு அருகே மேற்பகுதி இழுவிசைக்கு உட்படும். காங்கிரீட் இழுவிசையை எளிதில் தாங்காது. எனவே அங்கு போதிய உருக்குக் கம்பிகள் தேவை. கட்டுமானத்தின்போது, காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் ரைட்டின் ஒப்புதல் இன்றிக் கூடுதல் கம்பிகளைச் சேர்த்தனர். பிற்கால ஆய்வுகள் அதுவும் போதுமானதாக இல்லை எனக் காட்டின. மேலும், இரண்டாம் தளத்தின் முற்றச் சுமையில் ஒரு பகுதி, சன்னல்களின் உருக்குச் சட்டங்கள் வழியாக முதல் தளத்துக்கு இறங்கியது. இதனால் சுமார் 4.5 மீட்டர் நீளும் தளங்களின் முனை, ஏறத்தாழ 18 செமீ வரை தாழ்ந்தது.

1997 இல் தற்காலிகத் தாங்கிகள் வைக்கப்பட்டன. 2002 இல், தளத்தின் விட்டங்களை ஒட்டி உருக்கு வடங்கள் பொருத்தி இறுக்கப்பட்டன. தளங்கள் பழைய மட்டத்துக்கு உயர்த்தப்படவில்லை. மேலும் தாழ்வது மட்டுமே தடுக்கப்பட்டது. நிலத்துடன் இயைந்து கட்டும்போது, தோற்றத்தைப் போலவே சுமை செல்லும் வழியையும் ஆராய வேண்டும் என்பதற்கு இவ்வீடு சான்றாக உள்ளது.

தற்போதைய நிலை

1963 இல் காஃப்மனின் மகன் இவ்வீட்டை மேற்குப் பென்சில்வேனியா பாதுகாப்பு அமைப்புக்குக் கொடையாக அளித்தார். 1964 முதல் இது அருங்காட்சியகமாக உள்ளது. 2019 இல், ரைட்டின் வேறு ஏழு கட்டிடங்களுடன் சேர்த்து, யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.