ஆம்பூர் துருகம்: 26 நாள் தண்ணீர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துருகம் மலை தெரியும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தும் முப்பத்தைந்து வயது வரை நான் அதில் ஏறியதில்லை. பெங்களூரு வேலையில் சேர்ந்தபின் அலுவலக நண்பர்களோடு குடகிலும் சிக்மகளூரிலும் மலையேறியிருக்கிறேன். சொந்த ஊர் மலையை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அப்பாவும் ஏறியதில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வருஷம் தோல் ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கு யார் மலை ஏறுவார்கள்?

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். அடிவாரத்து ஊரில் ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் வழி காட்ட ஒப்புக்கொண்டார். காலை ஐந்தரைக்கு என் பையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“தண்ணி எவ்ளோ எடுத்துகினு வந்த தம்பி?”

“மூணு லிட்டர்ணா.”

“பத்தாது.”

முதல் ஒரு மணி நேரம் முள்ளும் புதரும். அதன்பிறகு பாறை. பாறைகளுக்கு நடுவே ஆடு போகும் தடம்தான் பாதை. சில இடங்களில் கையை ஊன்றித்தான் உடம்பைத் தூக்க வேண்டியிருந்தது. சிக்மகளூரில் புல்வெளி, மேகம், காற்று எல்லாம் உண்டு. இங்கே எட்டு மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிடும். இரண்டாவது மணி நேரம் முடிவதற்குள் ஒரு பாட்டில் காலி. அண்ணன் அதுவரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பாதி மலையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதுதான் இந்த மலை ஏன் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது என்று புரிந்தது. ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர், எதிர்ப்பக்கம் ஆந்திரா வரை போகும் மலைகள். நடுவே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. மைசூர்ச் சீமையிலிருந்து ஆற்காட்டுக்கு இறங்கும் படைக்கு இது இயல்பான வாசல். இன்றைக்கு அதே வாசலில் சென்னை-பெங்களூரு ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஆற்றை ஒட்டிப் போகின்றன. வழி மாறவில்லை, வண்டிதான் மாறியிருக்கிறது.

1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி இந்த வாசலில்தான் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் செத்தார். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். நவாப் கணவாயை மறித்து அகழி வெட்டிக் காத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் முதல் இரண்டு தாக்குதல்களும் எடுபடவில்லை, மூன்றாவதில் உடைத்துவிட்டார்கள். யானை மேலிருந்த நவாப் குண்டடிபட்டு விழுந்தார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார். அவருக்கு ஆதரவாக ஆங்கிலேயர், சந்தா சாகிபுக்கு ஆதரவாகப் பிரெஞ்சுக்காரர் என்று தொடங்கிய சண்டை, கடைசியில் கம்பெனியைத் தென்னிந்தியாவின் பெரும் சக்தியாக்கி நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் கர்நாடகப் போர்கள் என்று ஐந்து மார்க் கேள்விக்குப் படித்தேன். ஆம்பூர்ப் போர் என்ற பெயரும் பாடத்தில் இருந்தது. அந்த ஆம்பூர் இந்த ஆம்பூர்தான் என்று வகுப்பில் யாருமே சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஆனால் நான் ஏறியது அந்தப் போருக்காக அல்ல, அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து நடந்த முற்றுகைக்காக. 1767இல் முதல் மைசூர்ப் போர். செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஆங்கிலேயரிடம் தோற்ற ஹைதர் அலி, நவம்பரில் திரும்பி வந்து திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் வேகமாகப் பிடித்தார். அடுத்து ஆம்பூர். இங்கே கேப்டன் கால்வர்ட் என்பவர் தலைமையில் சுமார் 500 சிப்பாய்களும் ஒரு சில வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். நவம்பர் 10ஆம் தேதி முற்றுகை தொடங்கியது. கீழே இருந்த அரண் சில நாட்களில் போய்விட்டது. அவர்கள் மலைக்கு மேலே ஏறிக்கொண்டார்கள். டிசம்பர் 7ஆம் தேதி கர்னல் ஸ்மித்தின் படை வரும்வரை கோட்டை விழவில்லை. 26 நாள்.

ஒன்பதரை மணிக்கு இடிந்த மதில் ஒன்றைத் தாண்டி மேலே வந்தோம். என் மூன்று லிட்டரும் தீர்ந்திருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் பாறைச் சரிவு ஒன்றில் இறங்கினார். அங்கே ஒரு சுனை, மழைத் தண்ணீர் தேங்கிய பாறைக்குழி. ஓரத்தில் பாசி, நடுவில் தெளிவாக இருந்தது. அவர் துண்டை மேலே விரித்து வடிகட்டிக் குடித்தார். நானும் குடித்தேன்.

மதில்தான் கோட்டையைக் காத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். சுனைக்கரையில் உட்கார்ந்தபோது வேறு கணக்கு ஓடியது. தொழில் புத்தி, எதையும் பெருக்கிப் பார்க்கும். 500 பேர், ஆளுக்கு நான்கு லிட்டர், 26 நாள். 52,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரி என்றால் நாலரை லோடுகூட வராது. அவ்வளவுதான் அந்தப் புகழ்பெற்ற முற்றுகை. நவம்பர் 10 முதல் டிசம்பர் 7 வரை என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம், பாறைக்குழிகள் நிரம்பும் மாதம். ஹைதர் இதே மலையை மே மாதத்தில் வளைத்திருந்தால் கால்வர்ட்டின் துணிச்சல் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? மூன்று லிட்டரோடு நான்கு மணி நேரம் தாங்காதவன் கேட்கிறேன்.

கம்பெனி இந்த வெற்றியை மறக்கவில்லை. அந்தச் சிப்பாய்ப் படைக்கு ‘ஆம்பூர்’ என்ற பெயரையும் ஆம்பூர்ப் பாறையின் உருவத்தையும் கொடியில் பொறித்துக்கொள்ளும் உரிமை கொடுத்தது. பிற்காலத்தில் சென்னைக் காலாட்படையின் 10ஆவது ரெஜிமெண்ட் என்று அது அறியப்பட்டது. 1890களில் அதை பர்மாவில் கூர்க்காக்களைக் கொண்டு மாற்றியமைத்தார்கள். கால்வர்ட்டின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, பாறையின் படம் கொடியில் இருந்தது. அந்த 500 பேரை நான் படித்த எதிலும் எண்ணிக்கையாகத்தான் பார்த்தேன். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது நிலைமை வேறு. தண்டிக்கப்பட்டவர்கள் சிலருடைய பெயர்கள் ஆவணத்தில் நிற்கின்றன. கோட்டையைக் காத்தவனுக்குப் பெயர் இல்லை, கோட்டையில் கலகம் செய்தவனுக்கு உண்டு.

உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. பாலாறு வெறும் மணல் கோடு. தகரக் கூரைகள், சுத்திகரிப்புத் தொட்டிகள், ஷூ கம்பெனிக் கட்டடங்கள். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோல் பதப்படுத்தினார்கள். 1970களில் பச்சைத்தோலும் பாதி பதப்படுத்திய தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலை ஊக்குவித்தது. குரோமியம் பரவலானது. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. தொழில் பெருகியது, கழிவும் பெருகியது. குரோமியத்தைவிட அதிகம் பேசப்படாத இன்னொன்று உப்பு. தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் ஊருக்குள் வரும். முதல் ஊறலில் அது அத்தனையும் தண்ணீரில் இறங்கும். மண்ணுக்குள் போன உப்பை எளிதில் திரும்ப எடுக்க முடியாது.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ‘மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அழுத்தமாக நிறுவிய தீர்ப்பு அது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு ஆகாமல் போனதை அது பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் அதில் உண்டு. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

மறுபடியும் பெருக்கல் வகுத்தல். 52,000 லிட்டரை 35ஆல் வகுத்தால் ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவான தோல். 500 பேர் 26 நாள் உயிர் பிழைத்து ஒரு போரின் போக்கையே நிறுத்திய தண்ணீர், ஒன்றரை டன் தோலுக்குப் போதாது. ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு இன்றைக்கு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது.

இதை எழுதும்போது எனக்கு நியாயம் பேசும் உரிமை முழுதாக இல்லை என்பதும் தெரியும். என் இன்ஜினியரிங் ஃபீஸ் நான்கு வருஷமும் அந்த டிரம்கள் சுற்றியதில் வந்தது. சுண்ணாம்பில் வெந்த அப்பாவின் விரல்கள்தான் கட்டின. ஷூ கம்பெனிக்குப் பஸ்ஸில் போகும் பெண்களின் சம்பளத்தில்தான் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஷாப்பை மூடு என்று மலை மேல் நின்று சொல்வது சுலபம். கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறங்க மூன்று மணி நேரம் ஆனது. முட்டி நடுங்கியது. வீட்டில் அப்பா மாடியில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் என்றார் அம்மா.

“மேலருந்து ஷாப்பு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுப்பா.”

“வாசன?”

“மேல வரல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தண்ணி இருந்துதா?”

“சுனை ஒண்ணு இருக்குதுப்பா. குடிச்சேன். நல்லா இருந்துது.”

“நம்ம கெணறும் அப்டிதான்டா இருந்துச்சு,” என்றார். “நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல.”