வலை வழங்கியில் வேர்ட்பிரஸ் நிறுவுதல்

வேர்ட்பிரஸ் நிறுவுதல் என்பது, வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற வலைப்பதிவு மென்பொருளை வாடகைக்குப் பெற்ற வலை வழங்கி ஒன்றில் பதிவேற்றி, தரவுத்தளத்துடன் இணைத்து இயங்கச் செய்வதாகும். பிளாகர் போன்ற சேவைகளில் கணக்குத் தொடங்கினாலே எழுதத் தொடங்கிவிடலாம். வழங்கியைப் பேணுவது சேவை தருவோரின் வேலை. தனி வழங்கியில் நிறுவும்போது இடுகைகள், மறுமொழிகள், முகவரி அனைத்தும் பதிவரின் பொறுப்பாகின்றன. தமிழில் பதிவோர்க்கு இதில் கூடுதல் இடர் ஒன்றும் உண்டு. எழுத்துக் குறியாக்கம் தவறாக அமைந்தால் பல்லாண்டு இடுகைகள் ஒரே நாளில் படிக்க இயலாதவை ஆகிவிடக்கூடும்.

வரலாறு

மிசேல் வால்த்ரிகி உருவாக்கிய பி2 என்ற மென்பொருளிலிருந்து கிளைத்து, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோரால் 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் வெளியிடப்பட்டது. தமிழ் வலைப்பதிவுகள் தோன்றியதும் ஏறத்தாழ இதே காலமாகும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, பதிவுகளின் செய்தியோடைகளைப் படித்துப் பட்டியலிட்டது. 2007 ஆகத்து மாதம் சென்னையில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடைபெற்றது.

நிறுவும் முறை

பி.எச்.பி மொழியை இயக்கக்கூடிய வழங்கியும், மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளமும் தேவை. முதலில் வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வெறுமையான தரவுத்தளம் ஒன்றையும் அதற்கொரு பயனரையும் உருவாக்க வேண்டும். பின்னர் மென்பொருளின் கோப்புகளை வலையில் தெரியும் அடைவில் பதிவேற்ற வேண்டும். தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வழங்கியின் பெயர் ஆகிய நான்கையும் அமைவடிவக் கோப்பில் எழுதியபின், உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்து தளத்தின் பெயரையும் மேலாளர் கணக்கையும் அளித்தால் வேலை முடிந்தது. இது ‘ஐந்து நிமிட நிறுவல்’ எனப் பெயர் பெற்றது. முதன்முறை செய்வோருக்கு ஐந்து நிமிடம் போதாது என்பது வேறு.

கோப்புகளை ஏற்றிவிட்டு நிறுவலை மறுநாளைக்கு ஒத்திவைப்பது தீங்கானது. நிறுவல் பக்கத்தை முதலில் திறப்பவர் எவரோ அவரே மேலாளர் ஆகலாம். அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்ற அனுமதிகள் பொதுவாகப் போதுமானவை. ஏதோ இயங்கவில்லை என்று 777 இடுவது பகிர்வு வழங்கியில் வீட்டைத் திறந்துபோட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். 2014இல் வெளியான 4.0 பதிப்பு முதல், நிறுவலின் தொடக்கத்திலேயே இடைமுக மொழியைத் தெரிவு செய்யலாம்.

எழுத்துக் குறியாக்கச் சிக்கல்

ஒருங்குறியில் தமிழுக்குரிய முதன்மைத் தொகுதியின் ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. மைஎஸ்கியூஎல் 4.1 முதல் தரவுத்தளத்தின் ஒவ்வொரு நிரலுக்கும் குறியாக்கப் பெயர் உண்டு. நெடுங்காலம் அதன் இயல்பிருப்பு இலத்தீன்-1 ஆக இருந்தது. வேர்ட்பிரசின் தொடக்கப் பதிப்புகளோ குறியாக்கம் எதையும் தரவுத்தளத்துக்கு அறிவிக்கவில்லை. இதனால் தமிழ் பைட்டுகள் இலத்தீன் என்ற பெயரில் உள்ளே சென்று, அப்படியே வெளியே வந்தன. பக்கத்தில் தமிழ் சரியாகவே தெரிந்ததால் பதிவருக்கு ஐயம் எழ வாய்ப்பில்லை.

2007 மே மாதம் வெளியான 2.2 பதிப்பின் அமைவடிவக் கோப்பில் குறியாக்கத்தைக் குறிப்பிடும் வரி சேர்க்கப்பட்டது. பழைய தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு புதிய அமைவடிவக் கோப்பை எழுதியவர்களுக்கு, குறிப்பாக வழங்கி மாறியவர்களுக்கு, தளம் குப்பையாகத் தோன்றியது. மேற்குறியிட்ட இலத்தீன் எழுத்தொன்றும் பதிவு பெற்ற வணிகக் குறியும் மாறிமாறி வருவது இதன் அடையாளம். இந்நிலையில் தரவு இன்னும் அழியவில்லை. அவ்வரியை நீக்கினால் பழைய இடுகைகள் மீண்டும் தெரியும். நிலையான தீர்வுக்கு, படியெடுத்தபின், ஒவ்வொரு உரை நிரலையும் முதலில் வெறும் இருமத் தரவாக மாற்றி, அடுத்து யூ.டி.எஃப்-8 எனப் பெயரிட வேண்டும். இடைப்படியைத் தவிர்த்து நேரடியாக மாற்றினால், குப்பையே முறையான உரையாகப் பதிவாகிவிடும்.

எழுத்துகள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் தோன்றுவது முற்றிலும் வேறு நிலை. யூ.டி.எஃப்-8 என அறிவித்துவிட்டு இலத்தீன்-1 நிரலில் தமிழை எழுதியபோது, அக்காலப் பதிப்புகளில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி பதிவாயிற்று. மூல பைட்டுகள் அங்கு இல்லை. காப்புப்படி இல்லையேல் மீட்பும் இல்லை.

2015இல் வந்த 4.2 பதிப்பு, நான்கு பைட்டு வரை ஏற்கும் குறியாக்கத்துக்கு அட்டவணைகளை மாற்றியது. உணர்ச்சிக்குறிகளுக்காகவே இது பேசப்பட்டாலும் தமிழுக்கும் பயனுண்டு. 2019இல் ஒருங்குறி 12.0 சேர்த்த தமிழ்ப் பின்னக் குறிகள் (முந்திரி, காணி, மா போன்றவை) நான்கு பைட்டு கொண்டவை.

தமிழ் முகவரிகள்

இடுகையின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு முகவரித் துண்டை அமைக்கிறது. அதற்கான நிரலின் நீளம் 200 இடங்கள். இதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறி முறையில் எழுதப்படுவதால் 9 இடங்களைப் பிடிக்கிறது. ஆகவே 22 குறிகளே கொள்ளும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும்.

‘ஸ்ரீபெரும்புதூர்’ என்ற பெயர் மட்டும் 16 குறிகளைக் கொண்டது. ‘ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம்’ எனில் இடைக்கோட்டுடன் 199 இடங்கள். அத்தொழிற்தடத்தைப் பற்றி எழுதுவோர் மூன்றாவது சொல் சேர்த்தால் அது முகவரியில் வராது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட ஆலையைக் குறித்து ‘ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடல்’ எனத் தலைப்பிட்டால், முகவரி ‘ஸ்ரீபெரும்புதூர்-நோக்கி’ என நின்றுவிடும். ஆலையின் பெயர் பயணத் திசையாகிவிடுகிறது. ‘ஆலை திறப்பு’ என மற்றோர் இடுகை எழுதினால் அதன் முகவரியும் இதே இடத்தில் வெட்டுண்டு, வேறுபாட்டுக்காக எண் ஒன்று ஒட்டப்படும்.

வெளியிடும் முன்பே முகவரித் துண்டைக் கையால் சுருக்கி எழுதலாம். வெளியிட்டபின் பிற தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் என்பதால் மாற்றுவது எளிதன்று. இடுகை எண்ணையே முகவரியாகக் கொள்ளும் அமைப்பும் உண்டு. அழகு குறைந்தாலும் அது வெட்டுப்படுவதில்லை.

காப்புப்படி

தரவுத்தளத்தில் எழுத்து மட்டுமே உள்ளது. பதிவேற்றிய படங்கள், வார்ப்புருக்கள், நீட்சிகள் ஆகியன உள்ளடக்க அடைவில் தனியே இருப்பதால் இரண்டையும் படியெடுக்க வேண்டும். எடுத்த படியைத் தன் கணினியில் ஓர் உரைத் தொகுப்பியில் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா எனப் பார்த்தபின்னரே பழைய வழங்கியின் கணக்கை மூடுதல் நன்று.