நகரம் என எண்ணப்பட்ட ஊர்: மல்லாங்கிணற்றை முன்வைத்துக் குடும்ப வாழ்க்கைப் புள்ளிவிவரங்களின் வரலாறு

குடிநீருக்காக வீட்டிலிருந்து 300 மீட்டர் நடக்கும் ஒரு குடும்பத்தை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு விதமாகப் பதிவு செய்கிறது. அக்குடும்பம் கிராமத்தில் இருந்தால் நீர் ஆதாரம் 'வீட்டுக்கு அருகில்' இருப்பதாக எழுதப்படும். நகரத்தில் இருந்தால் 'தொலைவில்' என எழுதப்படும். 2001, 2011 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் 'அருகில்' என்பதற்கு ஊரகப் பகுதியில் 500 மீட்டரும் நகரப் பகுதியில் 100 மீட்டரும் எல்லையாக வகுக்கப்பட்டிருந்தன. நடக்கும் தூரமும் சுமக்கும் குடமும் ஒன்றே என்றாலும் ஊரின் சட்ட நிலை மாறினால் பதிவும் மாறிவிடும்.

பெருநகரங்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரிய சிக்கலை எழுப்புவதில்லை. நகரம் என்ற பெயரும் மானாவாரி ஊரின் வாழ்க்கையும் ஒரே இடத்தில் கூடும் பேரூராட்சிகளில்தான் அது சிக்கலாகிறது. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள மல்லாங்கிணறு அத்தகைய ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி ஆகியவற்றை உள்ளடக்கிய வறண்ட நிலப்பகுதி கண்மாய், ஊருணி, கிணறு ஆகிய மூன்றையும் நம்பி வாழ்ந்தது. கிணற்றைப் பெயரிலேயே கொண்ட இவ்வூர் அரசு ஆவணங்களில் நகரம். இன்று எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளக்கூடிய குடும்ப வாழ்க்கைப் புள்ளிவிவரங்களை வைத்து இத்தகைய ஊரின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர், அந்த எண்கள் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டன என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

பேரூராட்சி என்னும் நிலை

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் 5,000க்குக் குறையாத மக்கள்தொகையும் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஆண்டு வருமானமும் கொண்ட ஊர்களை நகரப் பஞ்சாயத்துகளாக வகைப்படுத்தியது. இது நிர்வாக வசதிக்கான வரையறை. தொழிலையோ வாழ்க்கை முறையையோ அது கணக்கில் எடுக்கவில்லை. இதற்கு மாறாக, 1961 கணக்கெடுப்பு நகரம் என்பதற்குக் கடுமையான அளவைகளை வகுத்தது. மக்கள்தொகை 5,000 இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மைக்குப் புறம்பான தொழில்களில் இருக்க வேண்டும். மக்கள் அடர்த்தியும் குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டும். எனினும் நகராட்சி போன்ற சட்டப்படியான அமைப்புகளைக் கொண்ட ஊர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அரசு நகரம் என்று அறிவித்தால் கணக்கெடுப்பும் அதை ஏற்றுக்கொள்ளும்.

1994இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் ஊராட்சிச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டு, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் கூறிய 'மாறிவரும் பகுதி', அதாவது ஊரகத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி, என்ற இடம் அவற்றுக்குக் கிடைத்தது. இதன் விளைவு மாநிலத்தின் மொத்தக் கணக்கிலும் தெரிகிறது. 2001இல் தமிழ்நாட்டில் இருந்த 832 நகரங்களில் 721 சட்டப்படியானவை. தொழிலாலும் அடர்த்தியாலும் தேர்வான கணக்கெடுப்பு நகரங்கள் 111 மட்டுமே. 2011இல் சட்டப்படியான நகரங்கள் அதே 721ஆக நிற்க, கணக்கெடுப்பு நகரங்கள் 376ஆக உயர்ந்தன. மிகுதியாக நகர்மயமான மாநிலம் என்று தமிழ்நாடு பெற்ற பெயரில் பேரூராட்சிகளுக்கு உள்ள பங்கைப் பல கட்டுரைகள் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை.

2004 ஜூனில் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. ஊரக வளர்ச்சித் திட்டங்களின் நிதி இவ்வூர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2006 ஜூலையில் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நிகழ்ந்த இந்தப் போக்கும் வரவும் 2001, 2011 கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் அடங்கிவிட்டதால் பத்தாண்டு அட்டவணைகளில் அதன் சுவடே இல்லை. இரு கணக்கெடுப்புகளை மட்டும் ஒப்பிடுபவருக்கு இவ்வூர்கள் இடையறாது நகரங்களாகவே இருந்தன என்ற தோற்றம் ஏற்படும். 'நகரம்' என்ற சொல்லை நிதியின் பொருட்டு ஓர் அரசு நீக்கவும் மற்றோர் அரசு மீட்கவும் முடிந்தது என்பதே அந்தச் சொல்லின் இயல்பைக் காட்டிவிடுகிறது.

கையேட்டில் மறையும் கண்மாய்

1951 கணக்கெடுப்பு முதல் வெளிவரும் மாவட்டக் கையேடுகள் உள்ளூர் வரலாற்றாய்வுக்கு இன்றியமையாத மூலங்கள். அவற்றில் கிராமங்களுக்கு ஒரு விவரத் தொகுப்பும் நகரங்களுக்கு மற்றொன்றும் உள்ளன. 2011 கையேட்டின் கிராமத் தொகுப்பில் நிலப் பயன்பாடும், கால்வாய், கிணறு, ஏரி எனப் பாசன மூலவாரியாகப் பாசனம் பெறும் பரப்பும் இடம்பெறுகின்றன. நகரத் தொகுப்பிலோ சாலையின் நீளம், கழிப்பிடங்கள், மின் இணைப்புகள், வங்கிகள், ஊரில் உற்பத்தியாகும் முதன்மைப் பொருள்கள் ஆகியவை உண்டு. பாசனப் பரப்பு இல்லை.

எனவே ஓர் ஊர் பேரூராட்சி ஆனவுடன் அதன் கண்மாய் கையேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. நிலத்தில் கண்மாய் இருக்கும், அதன் ஆயக்கட்டும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கும்; ஆனால் குடும்ப வாழ்க்கையைக் காட்டும் அட்டவணைகளுக்கு அருகில் வைத்து ஒப்பிடுவதற்கான எண் கிடைக்காது. பக்கத்துக் கிராமத்துக்கு அந்த எண் கிடைக்கும். கண்மாய் நிரம்பிய ஆண்டிலும் வறண்ட ஆண்டிலும் குடும்பங்களின் நீரும் உணவும் எவ்வாறு மாறின என்று வினவும் ஆய்வாளர், மல்லாங்கிணறு போன்ற ஊர்களுக்கு வருவாய்த் துறையின் பதிவேடுகளையே நாட வேண்டியுள்ளது.

ஒரே விடை கேட்ட படிவம்

2010இல் நடந்த வீட்டுப் பட்டியல் பணிக்கான படிவத்தில் 35 வினாக்கள் இருந்தன. தரை, சுவர், கூரை ஆகியவற்றின் பொருள், அறைகளின் எண்ணிக்கை, மணமான இணைகளின் எண்ணிக்கை, குடிநீர், விளக்கு, கழிப்பிடம், கழிவுநீர் வடிகால், சமையலறை, எரிபொருள், வானொலி முதல் மகிழுந்து வரையிலான உடைமைகள், வங்கிச் சேவை என ஓர் இல்லத்தின் பொருளியல் முழுவதையும் அது தொட்டது. இந்திய இல்லங்களின் அகவாழ்வு பற்றி இத்தனை விரிவாக வீடுதோறும் திரட்டப்பட்ட தரவு வேறில்லை எனலாம்.

குடிநீர் ஆதாரத்துக்குப் பத்துக் குறியீடுகள் இருந்தன. குழாய் நீர் சுத்திகரித்தது, சுத்திகரிக்காதது என்றும், கிணறு மூடியது, மூடாதது என்றும் 2011இல்தான் பிரிக்கப்பட்டன. ஊருணி, குளம் ஏரிகளோடு சேர்ந்து ஒரே குறியீட்டில் அடங்கியது. வறண்ட பகுதிகளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்கப்படும் நீருக்குத் தனிக் குறியீடு இல்லை. அது 'பிற' என்பதற்குள் சென்றது. அதனினும் பெரிய குறை, தூரத்தைக் கேட்ட படிவம் காத்திருக்கும் நேரத்தைக் கேட்கவில்லை என்பது. குழாய் வாசலிலேயே இருந்தாலும் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறது என்ற கேள்வியும் அதில் இல்லை. தொலைவிலுள்ள ஆற்றுப்படுகைகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியே நீர் பெறும் பகுதிகளில் வீட்டாரின் நாளை வகுப்பது தூரத்தைவிட இந்த முறைநாள்தான். தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018இல் நீருக்கான காத்திருப்பை வினவியது. ஆனால் மாதிரி ஆய்வு மாநில அளவில் பேசுமேயன்றி ஒரு பேரூராட்சியைப் பற்றிப் பேசாது.

எரிபொருளிலும் இதே நிலை. விறகு, பயிர்க்கழிவு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு முதலிய குறியீடுகளுள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஒன்றை மட்டும் குடும்பம் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல மரம் மண்டிய இப்பகுதியில் விறகு எளிதில் கிடைக்கும் பொருள். அதைச் சுட்டுக் கரியாக்கி விற்பது பலருக்குப் பிழைப்பு. காலையில் தேநீருக்கு எரிவாயுவும், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகும் என இரண்டையும் வைத்திருக்கும் வீடு எந்தக் குறியீட்டில் அடங்கும் என்பதை விடை சொல்பவரும் எழுதுபவரும் அந்த நேரத்தில் முடிவு செய்தார்கள். பெரும்பாலான வீடுகளில் விடை சொன்னவர் அடுப்பைப் பற்ற வைப்பவர்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 31 வினாக்களில் எரிவாயு இணைப்பு உள்ளதா என்பதும் முதன்மை எரிபொருள் எது என்பதும் தனித்தனியே இடம்பெற்றன. இது பழைய படிவத்தின் குறையை ஓரளவு ஒப்புக்கொண்டதாகும்.

தெருவும் வார்டும்

லண்டனில் சார்லஸ் பூத் 1889 முதல் வெளியிட்ட வறுமை வரைபடங்களில் ஒவ்வொரு தெருவும் அதில் வாழ்வோரின் பொருள்நிலைக்கேற்பக் கறுப்பு முதல் மஞ்சள் வரை ஏழு நிறங்களுள் ஒன்றைப் பெற்றது. இந்தியக் கணக்கெடுப்பு தெரு அளவில் எதையும் வெளியிடுவதில்லை. களப்பணிக்கான சிறு அலகு கணக்கெடுப்பு வட்டாரம்; ஆனால் நகரங்களுக்கு வெளியிடப்படும் சிற்றலகு வார்டுதான். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிநபர் பதிவுகளை எவரும் பார்வையிடக் கூடாது என்று தடுக்கிறது. இந்தத் தடை நியாயமானது. வீட்டில் கழிப்பிடம் இல்லை என்ற செய்தி அண்டை வீட்டாருக்கும் அலுவலருக்கும் எட்டும் என்ற அச்சம் இருந்தால் உண்மையான விடை கிடைக்காது.

ஆனால் வார்டு என்பது தேர்தலுக்காக வரையப்பட்ட எல்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாழ்க்கை வசதி தெருவையும், தெரு சாதியையும் ஒட்டி அமைந்த வரலாறு உடையது. குழாய் முதலில் எந்தத் தெருவுக்கு வந்தது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் வந்தது என்பதே ஊரின் சமூக வரலாறு. இரண்டு மூன்று தெருக்களை ஒரே வார்டில் அடக்கிச் சராசரி காணும்போது அந்த வரலாறு அழிந்துபோகிறது. மேலும், 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளின் எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டன. ஆகவே அடுத்த கணக்கெடுப்பின் வார்டு எண்ணை 2011இன் அதே வார்டு எண்ணோடு நேரடியாக ஒப்பிட இயலாது.

வடமலாபுரம் வைத்த முன்மாதிரி

இதே மாவட்டத்தில் வேறொரு மரபும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய கிராம ஆய்வுகளை 1918இல் நூலாக வெளியிட்டார். அதில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது சிவகாசிக்கு அருகிலுள்ள வடமலாபுரம். நூலில் அது வடமலைபுரம் எனப்படுகிறது. பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா அதே ஊரை மீண்டும் ஆய்ந்தார். நிலம், கடன், கூலி, கால்நடை, உணவு ஆகியவற்றை ஒரே ஊரில் தலைமுறை இடைவெளிகளில் கேட்டதால், இக்கரிசல் ஊரின் மாற்றத்தை இன்றும் தொடர்ச்சியாகப் படிக்க முடிகிறது. ஊர் கிராமமா நகரமா என்ற கேள்வி அந்த ஆய்வுகளின் வினாக்களை மாற்றவில்லை.

2020இல் அறிவிக்கப்பட்ட வினாக்களுள் ஒன்று, குடும்பம் உண்ணும் முதன்மைத் தானியம் எது என்பது. ஸ்லேட்டரின் மாணவர்கள் கேட்ட உணவுக் கேள்வியின் எளிய வடிவம் நூற்றாண்டு கழித்துக் கணக்கெடுப்புக்குள் வந்திருக்கிறது. கம்பு, சோளம், குதிரைவாலி விளையும் நிலத்தில் வாழ்வோர் நியாயவிலைக் கடை அரிசியை உண்கின்றனர் என்பது அனைவரும் அறிந்ததே; அதை ஊர்வாரியாக எண்ணிச் சொல்லும் முதல் வாய்ப்பு இதுவாகும்.

திறந்த தரவும் விடுபட்ட ஊரும்

2012இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கைக்குப் பின் அரசுத் துறைகளின் தரவுகள் பல இணையத்தில் கிடைக்கின்றன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் தகவல் பலகையில் கிராமம்தோறும் எத்தனை வீடுகளுக்குக் குழாய் இணைப்பு உள்ளது என்று காணலாம். ஊரகத்துக்கான திட்டம் ஆதலால் பேரூராட்சிகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டமும் ஊரகப் பகுதிக்கென்றே இயற்றப்பட்டது. எனவே அதன் விரிவான பொதுத் தரவுகளிலும் பேரூராட்சித் தொழிலாளர் இடம்பெறவில்லை. விருதுநகர் 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்றாகத் தேர்வானபோது வெளியான அளவீடுகளோ மாவட்டம் முழுமைக்குமானவை. பெருநகரங்களுக்கும் கிராமங்களுக்கும் தரவு பெருகிய அதே காலத்தில் இடைப்பட்ட சிற்றூர்கள் இவ்வாறு விடுபட்டுள்ளன.

2025இன் தொடக்கத்தில் மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கப்படுவதை எதிர்த்துத் தமிழ்நாட்டின் பல கிராம ஊராட்சி மக்கள் போராடினர். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி உயரும் என்பவை அவர்கள் முன்வைத்த காரணங்கள். வகைப்பாடு மாறினால் வாழ்க்கை எவ்வாறு மாறும் என்பதை அவர்கள் புள்ளிவிவர அறிஞர்களைவிடத் தெளிவாக அறிந்திருந்தனர்.

பெருந்தொற்றால் தள்ளிப்போன கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31இல் இருந்தவாறே நிலைநிறுத்தப்பட்டன. 2011இல் கிராமமாக இருந்து அந்த நாளுக்குள் நகரமாகிவிட்ட ஊர்களில் பழைய வரையறையே தொடருமானால், 2011இல் 'அருகில்' என எழுதப்பட்ட 300 மீட்டர் நடை இம்முறை 'தொலைவில்' என எழுதப்படும். ஊரகப் பட்டியலிலும் நகரப் பட்டியலிலும் அந்தப் பத்தியின் தலைப்பு ஒன்றே.